யார் கை காட்டினாலும்

"மனசுக்கு, தூக்கத்துக்கு, சிகரெட்டை விடுறதுக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?" என்று ஸ்கேன் அறைப் பெண் கேட்டாள். கிரேன்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரா? தலைவலி மாத்திரையைக்கூடப் பாதியா உடைச்சுத்தான் போடுவாரு. இரும்பு உடம்பும்மா."

அந்தப் பெண் சிரித்தபடி ஊசியைப் போட்டாள். மருந்து மூளையில் ஊறச் சில மணி நேரமாகும், காத்திருங்கள் என்றாள். இரும்பு உடம்பு தலையைக் குனிந்துகொண்டது.

துறைமுகத்தில் அவருக்குக் கிரேன்காரர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் மனைவிக்கும் அதுதான் வாயில் வரும். வலது கை சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்ட ஆரம்பித்ததும், மேலதிகாரி அவரைக் கேபினிலிருந்து இறக்கிவிட்டார். நடுக்குவாதமா, ஒன்றுமில்லாத வெறும் நடுக்கமா என்று இந்தப் படம்தான் சொல்ல வேண்டும். மூளையின் நடுவே கமா வடிவத்தில் இரண்டு பகுதிகள் பளிச்சென்று தெரிந்தால் பிழைத்தார். அவை சுருங்கிப் புள்ளியாகத் தெரிந்தால் இனி வாயிற்கதவருகே காவலாளி ஸ்டூல்தான்.

மாத்திரை அவருடைய ஹெல்மெட்டுக்குள், உள்பட்டைக்கு அடியில் இருந்தது. போன மழைக்காலத்தில் காலையில் காலைத் தரையில் ஊன்றவே மனம் வராமல் கிடந்தார். "என்ன, புது மாப்பிள்ளைக்கு இன்னும் விடியலையா?" என்று மனைவி கேலி செய்தாள். அவரும் சிரித்துவைத்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போய் அழுது, இந்த மாத்திரையை வாங்கி வந்தார். வீடளவு பெட்டியைப் பூனைக்குட்டி மாதிரி இறக்குவார் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? நோயைவிட அவள் பார்க்கப்போகும் பார்வைக்குத்தான் அவர் பயந்தார்.

மனைவி டீ வாங்கப் போன சமயம் பார்த்து அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார். "அந்த மாதிரி மாத்திரை போட்டவங்க படம் எடுத்தா என்னம்மா ஆகும்?"

"அதுல சிலது, இந்த மருந்து ஒட்டுற இடத்துல முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சிடும் சார். நல்ல மூளைகூட மங்கலாத் தெரியலாம். ஏன் கேக்கிறீங்க?"

அதற்குள் மனைவி டீயோடு வந்துவிட்டாள். "சும்மாதான்" என்றார்.

பிற்பகலில் அவரைப் படுக்கவைத்து நெற்றியில் பட்டை போட்டு இறுக்கினார்கள். அரை மணி நேரம் அசையக் கூடாது. மனைவியைக் கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்ணோடு உட்காரவைத்தார்கள். கேமரா முகத்தருகே வந்து சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு முறை அது நகரும்போதும் தன் கமாக்களில் ஒன்றை அழித்துக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது. பொய்யாக ஒரு நோயை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்காரலாம். இல்லையென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

அவர் தொழிலில் மேலே, கீழே என்று கை காட்ட ஒரே ஆள்தான் உண்டு. ஆனால் நிறுத்தச் சொல்லி யார் கை காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். கூட்டுகிறவர் காட்டினாலும் சரி. ஏன் என்று கேட்கும் உரிமை கேபினில் இருப்பவருக்கு இல்லை. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து வீசினார்.

கேமரா நின்றது. இரண்டு ஜோடிக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"என்ன சார், மூச்சு முட்டுதா?"

"மாத்திரை சாப்பிடுறேன்மா. மனசுக்கு. மழைக்காலத்துல இருந்து."

தலை பட்டைக்குள் இருந்தது. மனைவி பக்கம் திரும்ப முடியவில்லை. கூரை விளக்கு மட்டும்தான் தெரிந்தது. "எந்த மாத்திரைன்னு டாக்டர் பாக்கணும். சில நாள் மாத்திரையை நிறுத்திட்டுத் திரும்பப் படம் எடுக்கச் சொல்லலாம். நீங்களா நிறுத்திடாதீங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினால் அந்தக் காலைகள் மறுபடி வரும். இந்தத் தடவை மனைவி எல்லாம் தெரிந்து பக்கத்திலேயே இருப்பாள்.

"நான் வேற கேலி பண்ணிட்டுக் கெடந்தேனே" என்ற மனைவியின் குரல் கேட்டது.

நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெத்தையில் படும் ஓசைகூடக் கேட்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.