பாதத்தில் இல்லாத கோடுகள்

பிள்ளை பிறந்ததும் வாப்பாமார் முகத்தைத்தான் பார்ப்பார்கள். றுவைஸ் தராசைப் பார்த்தான். மூன்று கிலோவுக்குச் சொட்டுத்தான் குறைவு. அவன் கட்டாரிலிருந்து வந்து இன்னும் எட்டு மாதம்கூட நிறையவில்லை.

அவனுடைய ராத்தா நஜ்முன் நிஸாவுக்கு வாய் சும்மா கிடக்குமா? தம்பியை ஆஸ்பத்திரி விறாந்தைக்கு இழுத்துப்போய்க் காதுக்குள் சொன்னாள்: "குறைமாசப் புள்ள கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். இது கொழுகொழுண்டு கிடக்கு. நான் ஒண்டும் சொல்லல்ல." சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, குசினியில் வேலை கிடக்கிறதென்று தோப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு அவன் கதிரையில் குந்திக்கொண்டு பிள்ளையின் மூக்கையும் காதையும் யார் யாரோடோ பொருத்திப் பார்த்தான். வீட்டுக்குக் கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவனைக்கூட அந்த மடையன் விடவில்லை.

மனைவி சுஹைராவுக்குக் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. எழும்ப ஏலாது.

"இஞ்ச, புள்ள முனகுது. நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிடுங்க."

தன் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறாள் என்று நினைத்தான். "எல்லாப் புள்ளையும் முனகும்," என்றான். அவள் திரும்பவும் சொன்னாள். அவன் போனை எடுத்து நோண்டினான்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அன்று பகல்வரைக்கும் ஒரேயொரு தாதிதான். கிளிவெட்டி ஊர்க்காரி குணேஸ்வரி. வேறொரு பிரசவத்தை முடித்துவிட்டு அவள் வார்ட்டுக்கு வரும்போது பகலாகிவிட்டது. றுவைஸ் குறுக்கே போய் நின்றான்.

"மிஸ், இது நிறைமாசப் புள்ளதானே?"

கேள்வி எங்கே போகிறதென்று அவளுக்கு விளங்கிவிட்டது. "உங்கட மனிசி ஆரம்பத்தில ஸ்கேன் எடுக்கேல்ல தம்பி. புள்ளையிலதான் பாக்கோணும்."

துணியை விரித்தாள். பாதத்தைத் திருப்பினாள். விரல்களுக்குக் கீழே இரண்டொரு கோடு. மிச்சமெல்லாம் வழுவழுவென்று கிடந்தது. காதை மடித்துவிட்டாள், அது மடித்தபடியே கிடந்து மெல்லத்தான் விரிந்தது. முதுகில் பூனைமயிர்.

"நிறைமாசமில்ல. முப்பத்திநாலு கிழமை, எட்டு மாசத்துக்குள்ளதான் சொல்லலாம்."

"அப்ப இந்தப் பாரம்?"

"தாய்க்கு ரத்தத்தில சீனி கூடின வருத்தம் இருந்ததெல்லோ. அதால புள்ள பெருக்கும். ஆனா நுரையீரல் முத்தாது."

முதல் பாதிதான் அவன் காதில் விழுந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று வாய்விட்டுச் சொன்னான். ராத்தாவுக்குப் போன் எடுத்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றிருந்தது.

குணேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள். மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாவெலும்புக்குள் தோல் குழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்ப இருந்து முனகுது?"

"விடிய, சுபஹில இருந்து மிஸ்," என்றாள் சுஹைரா. "இவரிட்டச் சொன்னனான்."

தாதி அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையின் மூக்கில் ஒட்சிசன் குழாயை வைத்து, திருகோணமலைக்குக் கொண்டுபோக அம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினாள். பிள்ளை குறைமாசமாக இருக்கவேண்டுமென்று விடிந்ததிலிருந்து துஆக் கேட்டவன், இப்போது கட்டிலடியில் நின்று அதன் மூச்சை எண்ணினான்.

தாயையும் பிள்ளையையும் அம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவன் கதவடியில் நின்று குணேஸ்வரியின் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

"மிஸ், எப்படியாவது என்ட புள்ளையைக் காப்பாத்தித் தாங்க."

உள்ளேயிருந்து சுஹைரா அவனைப் பார்த்தாள். மெல்லத்தான் கேட்டாள்.

"அப்ப காலையில முனகினது யார்ட புள்ள?"

தாதி ஏறிக் கதவைச் சாத்தினாள்.