கொட்டகையின் பின்பக்கம்

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு சந்தேகம். நாகஜோதி தையல் கொட்டகை போட்டது தையிலா மாசியிலா, அன்று வந்த பெண்கள் ஏழு பேரா எட்டுப் பேரா, சரியாக நினைவில்லை. பேசிய பேச்சு மட்டும் மாறவில்லை என்று நம்புகிறேன்.

நாகஜோதி திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, பல வருடம் ஒரு வரிசைத் தையல்காரர்களை மேய்த்து லைன் ஓட்டியவள். ஊரில் சொந்தமாகத் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னபோது முதலாளி பத்திரமோ ஜாமீனோ கேட்கவில்லை.

"நீ லைன் ஓட்டுனதப் பாத்தவன் நானு. பழைய மெசினுக கெடக்குது, கொண்டுட்டுப் போ. துணியும் வெட்டி அனுப்பறேன். ஆளு மட்டும் நீ புடிச்சுக்கோ."

ஆள் பிடிப்பது பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. தன் ஊரான பாலவனத்தத்துக்கு வெளியே, குடும்பத்து மானாவாரி நிலத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை எழுந்தது. மெஷின்கள் வந்து வரிசையாக நின்றன. திங்கட்கிழமை தைக்க ஆள் உட்கார்ந்தால்தான் துணி லாரி புறப்படும். இல்லாவிட்டால் லோடு வேறொருவருக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஊர்ப் பெண்கள் இடம் பார்க்க வந்தார்கள். எல்லோரும் திருப்பூர் போய்த் திரும்பியவர்கள். முன்னால் வந்தவள் தங்கச்செல்வி. அவளைக் கண்டதும் நாகஜோதிக்கு நெஞ்சு லேசாயிற்று. தன் லைனில் தைத்தவள், தனக்காக நாலு வார்த்தை சொல்வாள்.

"வா தங்கச்செல்வி. ஷெட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"என்ன மேடம்? ஊர்ல அக்கான்னு கூப்பிடு."

"வாய்ல அதான் வருது மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

தங்கச்செல்வி மெஷினைத் தொட்டுப் பார்க்கவில்லை. கூலி எவ்வளவு என்றும் கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே சீமைக்கருவேலமும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்து நின்றாள்.

"டோக்கன் யார் கையில இருக்கும்?"

நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கன். அதைக் கையில் வாங்கியவள்தான் கழிப்பறைக்குப் போகலாம். நாகஜோதி அதைத் தன் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பாள். யார் கேட்டாலும், "கையில உள்ளத முடிச்சிட்டுப் போ" என்பாள். அவளுடைய லைனில் பீஸ் குறைந்ததே கிடையாது. முதலாளி பார்த்தது அதைத்தான்.

"இங்க டோக்கன்லாம் கெடையாது" என்றாள்.

"சரி. போறதுக்கு எடம்? அதையும் காணோமே மேடம்."

"குமாரலிங்கபுரத்துல கவர்மெண்டு ஜவுளிப் பார்க்கு வரட்டும்டி. அங்க கக்கூசு கெட்டாமயா விட்டுருவாக?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மெஷின் எங்கே, அயர்ன் மேஜை எங்கே, தைத்ததை அடுக்க இடம் எங்கே என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டவள் நாகஜோதிதான். பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்ததாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோடு போட்டபோது கழிப்பறை என்ற நினைப்பே அவளுக்கு வந்திருக்கவில்லை. தலைக்கு மேல் தகரம் வெயிலில் படபடத்தது.

"கெட்டிட்டுச் சொல்லிவிடுங்க. வாரோம்" என்று தங்கச்செல்வி நடந்தாள். மற்றவர்களும் போனார்கள்.

மதியம் நாகஜோதி முதலாளிக்குப் போன் போட்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

"உன்னாலயா ஆளு புடிக்க முடியல?"

"ஆளு இருக்காக. கக்கூசு இல்ல."

"அதுக்கா லோடு நிக்கோணும்?"

முன்பெல்லாம் அவளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த லோடு வேறொருவருக்குப் போனது. மெஷின்களில் பாதியை முதலாளி திருப்பி எடுத்துக்கொண்டார், மீதியை விட்டுவைத்தார். கழிப்பறை கட்டி முடிந்தது. இப்போது கொட்டகையில் ஐந்து பேர் தைக்கிறார்கள். ஒரு மெஷினில் நாகஜோதியே உட்கார்கிறாள். பார்க்கு வரட்டும் என்று சொன்னவள் மறுபடி திருப்பூருக்கே போய்விட்டாள். தங்கச்செல்வி வரவில்லை, அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். ஆனால் தன் நாத்தனாரை அனுப்பிவைத்தாள்.