மேக நிழலென்று சொல்லப்பட்ட ஏரி

தேவராசாவுக்கு வந்த கோபத்தில், இலண்டன் விம்பிள்டனில் அவர் ஏறிய டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பெட்டியில் பக்கத்தில் இருந்த இருவர் மேலங்கியைக் கழற்றினார்கள். நடு தை மாதக் குளிர். பொய்யென்றால் அந்த இருவரையே கேட்டுப்பாருங்கள்.

கோபத்துக்குக் காரணம் ஓர் அட்டை. நாற்பது வருடத்துக்கு முன், இலண்டனில் வரைபடம் தயாரிக்கும் நிறுவனமொன்றில் இருந்துகொண்டு, விமானப் படங்களைப் பார்த்து அவர் கனடாவின் வடகோடியிலுள்ள, மரமில்லாத துந்த்ரா பனிவெளியை வரைந்தார். பதினோராயிரம் ஏரிகள். ஒன்றில்கூடக் கால் நனைத்ததில்லை. இப்போது ஒரு காப்பகம் அதில் ஒரு தாளைக் கண்காட்சியில் தொங்கவிட்டு, ஓர் ஏரியைச் சிவப்பால் வட்டமிட்டு, பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது: ‘இல்லாத ஏரி. மேக நிழலை ஏரியாக வரைந்த பிழை. வரைந்தவர்: தேவராசா.’

“என்ன அண்ணை, மேகத்துக்கும் கரை கட்டினனீங்களாம்?” என்று கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த இராஜேந்திரன் கோயில் வரிசையில் கேட்டபோது, தேவராசா பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு நேரே ரயிலேறப் போனார்.

காப்பகத்தில், அட்டையை எழுதிய பிரீத்தா கணினியைத் திருப்பிக் காட்டினாள். “சாட்டிலைட் படத்துல பாருங்க அங்கிள். அங்க தண்ணியே இல்ல.”

“நான் இண்டையான் படத்தைப் பாத்தோ கீறினனான்? பழைய படம் ரெண்டையும் எடுங்கோ பிள்ளை.”

“ரெண்டு எதுக்கு?”

“நிழல் ஓடும், குளம் ஓடாது. இது தெரியாமலோ என்ர பேரைக் கொண்டுபோய்ச் சுவரில கொழுவினனீங்கள்?”

விமானம் அடுத்தடுத்து எடுத்த இரு படங்கள் வந்தன. தேவராசா சட்டைப்பையிலிருந்த, இரு படங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் இரட்டை லென்ஸின் கால்களை விரித்து அவற்றின் மேல் நிறுத்தினார். பிரீத்தா குனிந்து பார்த்தாள். மேக நிழல்கள் இடம் மாறியிருந்தன. ஏரி, கரையோடு அங்கேயே கிடந்தது.

“ஆமா, ஏரிதான். சாரி அங்கிள். அடியில இருந்த பனி உருகி, தண்ணி மண்ணுக்குள்ள வடிஞ்சிருக்கணும். ‘இயற்கையாக மறைந்த ஏரி’ன்னு மாத்திடறேன்.”

தேவராசா மேசையில் அறைந்தார். “இயற்கையோ? எத்தினை ஆயிரம் வருசம் கிடந்த குளம், நான் இருக்கேக்கையே போயிட்டுது! கீறினவன்ர பேருக்கு அட்டையில இடமிருக்கு. உலகத்தைச் சூடாக்கினவன்ர பேருக்கு இடமில்லையோ?”

பிரீத்தா புதிய அட்டை எடுத்து எழுதினாள். ‘இருந்த ஏரி. நாம் சூடாக்கியதில் வடிந்தது. வரைந்தவர்: தேவராசா.’

திரும்பும் ரயிலில் நான்கு பேர் மேலங்கியைக் கழற்றினார்கள். மிச்சமிருக்கும் ஏரிகளாவது வடியாமல் கிடக்கட்டும் என்று, தேவராசா மூச்சைப் பிடித்துக் கோபத்தைக் குறைத்துப் பார்த்தார். பாதி வழியிலுள்ள ஏர்ள்ஸ் கோர்ட் நிலையம் வரைகூட முடியவில்லை.