கோணல் மரை

அமெரிக்காவின் ஐடஹோவில் துப்பாக்கி சைலன்சர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனையும் பழுதும் பார்ப்பவள் லோர்னா. அன்று வந்த பெட்டியில், முனை பிய்ந்த சைலன்சரோடு வெண்டெல் என்பவரின் கடிதமும் இருந்தது. மகன் அதைக் கீழே போட்டு, பிறகு சரியாகத் திருகாமல் சுட்டுவிட்டான், தப்பு எங்களுடையதுதான் என்று எழுதியிருந்தார்.

கீழே விழுந்திருந்தால் கறுப்புப் பூச்சு உரிந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. லோர்னா நேரான அளவுக் கம்பியைச் செருகிப் பார்த்தாள். துப்பாக்கிக் குழலில் திருகும் மரையே கோணலாக வெட்டப்பட்டிருந்தது. குண்டு உள்தகடுகளில் இடித்திருக்கிறது. பதிவேட்டில் பரிசோதித்தவர் கையெழுத்து அவளுடையது. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், கடைசித் தட்டில் இருந்தவற்றைப் பார்க்காமலே கையெழுத்திட்ட நாள் அது.

"அவரே ஒத்துக்கிட்டாரு. புதுசு அனுப்பிட்டு சும்மா இரு," என்றார் மேலாளர்.

அவளால் முடியவில்லை. வெண்டெலைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க பையன்மேல தப்பில்ல சார். மரை கோணல். பாக்காம அனுப்பினது நான்தான். இந்த வாரமே புதுசு வந்துரும்."



"கீழ போடவே இல்லன்னு எவ்வளவோ சொன்னான். பொய் சொல்றான்னு அவன் பொண்டாட்டி முன்னாலயே திட்டிட்டேம்மா. ரெண்டு மாசமா வீட்டுப் பக்கமே வரல."

"நான் அவர்கிட்ட பேசட்டுமா சார்?"

"வேண்டாம். அதை நான்தான் பேசணும்."

தொலைபேசியை வைத்தாள்.

"திட்டினாரா?" என்று கேட்டார் மேலாளர்.

"இல்ல. திட்டியிருந்தா தேவலை."