பாட்டு நிற்கிற இடம்

கனகலிங்கம் கடைக்குள் காலை வைத்ததும் பிரதாபன் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற அவனுக்குக் கிளிநொச்சியில் எவரைப் பற்றியும் பயமில்லை, கனகலிங்கத்தின் காதைத் தவிர.

"வாங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறம். இவர் அஸ்வர், வவுனியாவிலையிருந்து வந்திருக்கிறார்."

கதிரையில் இருந்த இளைஞன் எழுந்து நின்றான்.

"முல்லைத்தீவு மீராசாகிபின்ர மகன், அண்ணை. வாப்பா உங்களைச் சுகம் கேட்டவர்."

கனகலிங்கம் அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். தன்னுடைய முதல் ஒலிபெருக்கியை அவர் மீராசாகிபின் கடையில்தான் வாங்கினார். தொண்ணூறில் முஸ்லிம் சனம் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அந்தக் கடைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். மீராசாகிபு கடையைப் பூட்டிய திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். கனகலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

"வாப்பா எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார். நான் இஞ்சை யாவாரத்துக்குப் போறன் எண்ட உடனே, முதல் கனகலிங்கத்திட்டைக் குடு, அவன்ர காது பொய் சொல்லாது எண்டவர்."

அஸ்வர் பையிலிருந்து சவர்க்காரக் கட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு பக்கத்தில் கொம்பியூட்டருக்குப் போகிற வயர். மறுபக்கத்தில் ஹெட்போன் குத்துகிற துளை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ்.

"கொம்பியூட்டருக்குள்ளை பாட்டெல்லாம் வெறும் எண்ணாத்தான் கிடக்கு அண்ணை. இந்தப் பெட்டி அதைச் சத்தமா மாத்தி, ஹெட்போனுக்குத் தேவையான பலத்தையும் குடுக்கும். நேரை கொம்பியூட்டரிலை குத்திக் கேட்டால் கரகரக்கும். இதிலை அது இல்லை. விலையும் பயப்பிடுற விலையில்லை. இந்த றோட்டிலை இருக்கிற வீடியோக்காரர் எல்லாரும் ஒரே கதைதான் சொல்லீனம். கனகலிங்கண்ணை நல்லம் எண்டால் வாங்கிறம்."

அந்தக் காதுக்கு இப்படியொரு பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. சண்டையால் மின்சாரமும் பற்றரியும் வன்னிக்குள் வராத காலத்தில், அவருடைய ஊரான முரசுமோட்டையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்பார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தியும் தளரும். அந்தக் கரகரப்புக்குள் காதைக் கொடுத்து, செய்தி வாசிக்கிறவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சனத்துக்குச் சொல்லுகிறவர் கனகலிங்கம்தான். எந்த ஊர் எத்தனை மணிக்கு இடம்பெயர்ந்து நடக்கவேண்டும் என்பதை அந்தக் காது சொல்லித்தான் சனம் நடந்தது. சண்டை நின்று, பாதை திறந்த பிறகு, கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினாலும் கல்யாணத்துக்கு மைக் பூட்டினாலும் கடைசிச் சொல் அவருடையதுதான்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பிரதாபன் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டான். கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளின் கல்யாண வீடியோவை வாங்கிப் போக வந்திருந்த வீரகத்தியும் வாங்கிலில் குந்திவிட்டார்.

"சோக்கா இருக்கு" என்றார் கனகலிங்கம். "நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிறது கேக்குது. தவில்காரற்றை விரல்கூடு படுற சத்தம் தனியாக் கேக்குது. இந்தச் சின்னனுக்கை இவ்வளவு பலமோ?"

அஸ்வரின் முகம் மலர்ந்தது.

"பொறும் தம்பி. பாட்டை எவனும் கேப்பான். பாட்டு நிக்கிற இடத்தைக் கேக்கவேணும்."

அதுதான் அவருடைய முறை. சத்தம் ஓடுகிறபோது குறை தெரியாது, அது நிற்கிற இடத்தில்தான் சாமானின் குணம் தெரியும் என்பார். கீர்த்தனை முடிந்தது. கனகலிங்கத்தின் புருவம் சுருங்கியது.

"இரையுது."

"பக்கத்துக் கடை ஜெனரேற்றரா இருக்கும் அண்ணை" என்றான் பிரதாபன். போய் நிறுத்துவித்துவிட்டு வந்தான்.

"இப்பவும் இரையுது."

"கொம்பியூட்டர் இப்ப தன்ர பற்றரியிலைதான் ஓடுது. வேறை கறண்ட்டே இல்லை" என்றான் அஸ்வர்.

"அப்ப பெட்டியிலைதான் பிழை. நீ கேள் பிரதாபன்."

பிரதாபன் மாட்டிக் கேட்டான். "எனக்கெண்டால் ஒண்டும்..."

"நிக்கிற இடத்தைக் கேள் எண்டுறன்."

பிரதாபன் கண்ணை இறுக்கி மூடினான். "ஓம்... ஓமண்ணை. மெல்லிசா இரையுதுதான்."

வீரகத்தி வாங்கிக் கேட்டார். "மெல்லிசோ? தேன்கூட்டுக்கை தலையை விட்ட மாதிரியெல்லே கிடக்கு."

கடைசியாக அஸ்வர் கேட்டான். நெடுநேரம் கேட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இருக்கும்போலைதான் கிடக்கு" என்றான்.

"நல்ல பெட்டி தம்பி. ஆனால் சுத்தமில்லை. நான் வாங்கச் சொல்லமாட்டன்."

"உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோசம் அண்ணை. ஒண்டை இஞ்சை விட்டிட்டுப் போறன். ஆறுதலா இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோ. நான் பேந்து இன்னொரு நாள் வருவன்."

பின்னேரம் கனகலிங்கம் வீட்டுக்கு வந்து சறத்தைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்.

"இஞ்சேர், இந்த அப்புத்துரைக்கு விசரே? ஒவ்வொரு நாளும் இருளுற நேரம் வயலுக்குப் பம்பைப் போட்டிடுறான். காதுக்கை இரைஞ்சுகொண்டே நிக்குது."

அவருடைய மனைவி பத்மாசனி குசினிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சில கிழமை கழிந்து, சலூனில் கனகலிங்கத்தின் முகமெல்லாம் சவர்க்கார நுரையாக இருந்தபோது, பின்வாங்கிலில் வீரகத்தி கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவங்கட சாமான் எண்டால் அப்பிடித்தானே. கொழும்பிலை கழிச்சு விட்டதைக் கொண்டந்து எங்கட தலையிலை கட்டப் பாத்தவன். கனகலிங்கம் காதிலை வைச்ச உடனே பிடிச்சிட்டார். இனி அவன் ஊசி கொண்டுவந்தாலும் இந்த றோட்டிலை ஒருத்தன் வாங்கமாட்டான்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, வீரகத்தி."

"ஆடாதேங்கோ ஐயா, கத்தி கழுத்திலை நிக்குது" என்றார் சலூன்காரர்.

"நீர் சொல்லாட்டி என்ன? பெட்டி இரைஞ்சதோ இல்லையோ?"

"இரைஞ்சதுதான். ஆனால்..."

"பேந்தென்ன?"

கண்ணாடிக்குள் வெள்ளை நுரைக்கு நடுவில் அவருடைய இரண்டு காதும் துருத்திக்கொண்டு நின்றன. மறுத்துப் பேசாமல் விட்டது எழுந்து வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மீராசாகிபின் கடை வாசலிலும் இப்படித்தான் நின்றார்.

நேராகப் பிரதாபனின் கடைக்குப் போனார். பெட்டியை இன்னொரு தரம் கேட்டால் நல்லது என்று நினைத்தார். இரைச்சல் அவ்வளவு மோசமில்லை என்றாவது சொல்லலாம். பிரதாபன் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போயிருந்தான். கடை திறந்து கிடந்தது. பாட்டுப் போட ஆளில்லை, ஆனால் கனகலிங்கத்துக்கு வேண்டியது பாட்டில்லாத இடம்தான். கதிரையில் அமர்ந்து ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார்.

அதே இரைச்சல். உயராமல் தாழாமல், தூரத்தில் ஓடுகிற மெசின் மாதிரி.

"அதேதான்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னது சரி என்பதில் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. ஹெட்போன் வயர் இளகியிருந்தாலும் இப்படி இரையும் என்று நினைத்து, முனையை இறுக்கக் கையை நீட்டினார். பெட்டியின் துளையில் ஒன்றுமில்லை. வயரைத் தடவிக்கொண்டு போனார். அதன் முனை அவருடைய மடியில் கிடந்தது.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். எதிலும் பூட்டாத முனை. கொம்பியூட்டரும் மூடிக் கிடந்தது. இரைச்சல் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். றோட்டுச் சத்தம் வந்தது. அதற்குள் அது இருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். றோட்டுச் சத்தம் போனது. அது போகவில்லை.

பிரதாபன் பார்சலோடு வந்து நின்றான். "என்னண்ணை, தலையிடிக்குதோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார். ஏறி ஓட மனம் வரவில்லை.

வீட்டில் பத்மாசனி நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புத்துரையின்ர பம்ப் இப்ப இரையுதோ?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்புத்துரை அண்ணை பம்பை வித்துப்போட்டாரப்பா. போன போகத்தோடை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்ல? ஊர் முழுக்க உங்கட காதைக் கும்பிடுது. பின்னாலை நிண்டு கூப்பிட்டால் நீங்கள் திரும்பிறேல்லை. மழை தகரத்திலை விழத் தொடங்கினதை நான்தான் உங்களுக்குச் சொல்லுறன். சரி, குழாய்க்குக் கிட்ட நிண்டு நிண்டு, ஷெல் சத்தமும் கேட்டுக் கேட்டுக் காது மந்தம் வந்திட்டுது எண்டு நினைச்சன். அதைச் சொன்னால் நீங்கள் உடைஞ்சு போவியள்."

"நான் அந்தப் பொடியனை உடைச்சுப்போட்டன், பத்மா."

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். சொல்லி முடித்ததும் அவள், "இது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதாது" என்றாள்.

சனிக்கிழமை அஸ்வர் தன் பெட்டியை எடுக்க வந்தான். பிரதாபன் ஆளனுப்பியதும் கனகலிங்கம் வந்தார். ஹெட்போன் வயரில்தான் பிழை என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தார். அது சொல்ல இலகுவான கதை. எல்லாரும் நம்புவார்கள். அவருடைய காதும் தப்பும். அதை எப்படித் தொடங்குவது என்றுகூடச் சரிபார்த்து வைத்திருந்தார். கடைக்குள் வந்தபோது வீரகத்தியும் வந்து வாங்கிலில் இருந்தார். அந்தக் கதையைப் பரப்ப ஆள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார், அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டார்.

"அண்ணை, இன்னொருக்காக் கேட்டனீங்களோ?" என்றான் அஸ்வர். அவன் முகம் வாடியிருந்தது.

"இப்ப கேக்கிறன். எல்லாரும் பாருங்கோ."

ஹெட்போனை மாட்டினார். வயரின் முனையை எல்லாருக்கும் தெரியத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இரையுது" என்றார்.

வீரகத்தி சிரித்தார். "அண்ணர் நாடகம் நடிக்கிறார். வயர் கையிலையெல்லே கிடக்கு."

"ஓம். வயர் கையிலை. இரைச்சல் என்ர காதிலை. அண்டைக்கும் என்ர காதிலைதான். பெட்டியிலை ஒரு பிழையுமில்லை."

வீரகத்தியின் சிரிப்பு நின்றது. பிரதாபன் மேசையைத் துடைக்கத் தொடங்கினான், துடைத்த இடத்தையே துடைத்தான்.

"எனக்கும் கேட்டதே அண்ணை?" என்றான் பிரதாபன்.

"உனக்குப் பெட்டி கேக்கேல்லை தம்பி. நான் சொன்னதுதான் கேட்டது."

"எனக்குத் தேன்கூடே கேட்டது" என்று வீரகத்தி முணுமுணுத்தார். எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் சால்வையை மடித்தார்.

கனகலிங்கம் ஹெட்போனைக் கழற்றி அஸ்வரின் முன்னால் வைத்தார். "கடை கடையாப் போய் நானே சொல்லுறன் தம்பி. என்னை ஏசு."

அஸ்வர் ஏசவில்லை. அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் கேட்டனான் எண்டெல்லே சொன்னனான், அண்ணை" என்றான். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. கனகலிங்கத்தின்ர காது பொய் சொல்லாது எண்டு வாப்பா சொல்லிவிட்டவர். அதைவிட என்ர காது பெரிசோ? கொழும்பிலையிருந்து இதை எடுத்துத் தந்தது என்ர அக்காட புருசன், றுமைஸ் மச்சான். போன உடனே அவரோடை சண்டை பிடிச்சன். கழிவுச் சாமானைத் தலையிலை கட்டிப்போட்டியள், கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன். அக்கா இப்ப எங்கட வீட்டுக்கு வாறேல்லை. வாப்பாவும் அவரோடை கதைக்கிறேல்லை."

பிரதாபன் துடைப்பதை நிறுத்தினான். கனகலிங்கத்தின் காதுக்குள் மட்டும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சானுக்கு நான் எப்பிடிச் சொல்ல?" என்றான் அஸ்வர். "நான் சொன்னால் நம்பமாட்டார். ஒருக்காக் கள்ளன் எண்டு சொன்ன வாய்தானே."

பிரதாபனின் மேசையில் போன் இருந்தது. கனகலிங்கம் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"இலக்கத்தைச் சுத்து தம்பி."

அஸ்வர் சுற்றிக் கொடுத்தான். கனகலிங்கம் வழக்கம்போல வலக்காதில் வைத்தார். ஏதோ ஒரு குரல் தூரத்தில் மிதந்தது. ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதை எடுத்து இடக்காதுக்கு மாற்றினார். இரைச்சலுக்கு அந்தப்பக்கம் ஒருவர், "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

"நான் முரசுமோட்டைக் கனகலிங்கம் கதைக்கிறன், தம்பி. கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ. எனக்குக் காது கேக்காது."