மேட்டில் ஏறிய பாடை

செத்துப்போன ஒரு மனிதர் ஊரின் அறுபது ஆண்களைத் தோளோடு இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அறுபதில் நான் ஒருவன், முன்வரிசை, இடத்தோள். படகுத்துறையில் டிக்கெட் கிழித்த காலத்தில் நான் அளந்ததையெல்லாம் கழித்துவிடுங்கள், இது கழியாது. நெங்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் செத்தவர் அவன் அண்ணன் பான் ருஜி. மூங்கிலில் அடுக்கடுக்காகக் கட்டிய பாடைக்கோபுரத்தின் மேல் பிணத்தோடு உட்கார்ந்து வந்தவனே அவன்தான்.

பான் ருஜி உயிரோடு இருந்தவரை ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. மாமனார் செத்த அன்றும் வீட்டுக்கு வந்து படுத்தவர். அவர் மனைவி மென் ருஜிக்கு அதுதான் கிலி. எரிந்த பிறகும் வழி தெரிந்து திரும்பினால் அலைவார், கடைத்தேறமாட்டார். தூக்குகிற ஒவ்வொருவரிடமும் முதல்நாளே வந்து, நாற்சந்தியில் நன்றாகச் சுற்றிவிடுங்கள், வழி மறக்கட்டும் என்று கெஞ்சினாள்.

நாற்சந்தியில் மூன்று சுற்று, இடமாக. பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் முந்தின வாரம் முழுக்கக் கோயில் திருவிழா. சாமியை வலமாகவே சுற்றிப் பழகிய எங்கள் கால்கள் அன்றும் வலமாகச் சுற்றிவிட்டன. மூன்றாவது சுற்றில் மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. அந்த அமைதியில் மூங்கில் கிறீச்சிட்டது.

கோபுரம் திரும்பியது. சுடுகாடு கடல் பக்கம், பள்ளத்தில்; அது மலைப் பக்கம், வீட்டைப் பார்த்து நகர்ந்தது. குதிகாலை ஊன்றினேன். தார்ரோட்டில் விழுந்த பள்ளத்தில் இன்றைக்கும் வாத்து நீந்துகிறது. யாரும் கத்தவில்லை, அத்தனை பேர் மூச்சும் ஒன்றாகக் கேட்டது. உச்சி அடுக்கு மின்கம்பியை உரசப் பார்த்தது. நெங்கா மேலே தூணைக் கட்டிக்கொண்டான். வாசல் நெருங்கிவிட்டது.

ஊர்வலத்தின் முன்னால் வெள்ளைத்துணி பிடித்துப் போன மென் ருஜி, அதைச் சுருட்டியபடி ஓடிவந்து வாசலை மறித்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கோபுரம் அவள் மேல்தான்.

"அடுப்பு அணைச்சாச்சு," என்றாள், தினமும் அவரிடம் பேசுகிற அதே குரலில். "பாயும் சுருட்டியாச்சு. வெளிய தங்குனா கொறஞ்சா போயிடுவீங்க? போங்க."

தோளில் இழுப்பு விட்டது. அங்கேயே இடமாகச் சுற்றினோம், மூன்றுக்கு முப்பதாக. நாற்சந்தியில் மறுபடியும். எனக்கே என் வீடு மறந்துபோயிற்று. சுடுகாட்டில் காளை உருவ மரப்பெட்டிக்குள் வைத்து எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பினோம்.

காப்பி குடிக்கும்போது நான் ஆரம்பித்தேன். நெங்கா சிரித்தான்.

"அளக்காதீங்கண்ணே. ரோடு சரிவு, கால் வழுக்கிடுச்சு. அவ்ளோதான்."

மென் ருஜி காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். "சரிவு எந்தப் பக்கம் தம்பி?"

அவன் காப்பியை ஊதிக் குடித்தான்.

"வழுக்கினதுன்னா வந்தது அவரில்ல, நான் சொன்னது அவர் காதுலயே விழல. இன்னிக்கி ராத்திரி வந்து கதவத் தட்டுவாரு."

நெங்கா கோப்பையைக் கீழே வைத்தான்.

"மேட்டுலதான் ஏறுச்சு அண்ணி. கீழ அத்தன பேரும் பின்னால சாஞ்சு இழுத்துக்கிட்டு நின்னாங்க, மேலருந்து பாத்தேன். நீங்க சொன்னப்புறம்தான் நின்னாரு."