விலகிய சில்லு

இருபத்தாறு வருஷமாகக் கறிக்கடை நடத்துகிறவருக்கு எலும்பென்றால் பயம் கிடையாது. எந்த மூட்டில் கத்தி வைத்தால் எது கழலும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்டவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் முழங்காலைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கறைபடிந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்திருந்தார்.

கல்லூரி மைதானத்தில் வாலிபால் ஆடும்போது, ஊன்றிய பாதம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டதாம். மடங்கிய கால் நீளவேயில்லை. முழங்காலின் முன்பக்கம் குழிந்துபோய், வெளிப்பக்கம் ஒரு மேடு துருத்திக்கொண்டிருந்தது.

"மூட்டே கழண்டுடுச்சா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாதத்தில் நாடி பார்த்தார். விரல்களை அசைக்கச் சொன்னார். மேட்டை விரல்நுனியால் தடவினார்.

"மூட்டு நல்லாத்தான் இருக்கு. மேல மூடியிருக்கிற சில்லு மட்டும் வழுக்கி வெளிப்பக்கம் போயிடுச்சு. திருப்பி வச்சிடலாம்."

"வெட்டணுமா?"

டாக்டரம்மா ஏப்ரனைப் பார்த்தார். "இது உங்க கடை இல்லைங்க."

அந்த வலியிலும் மகள் சிரித்துவிட்டாள்.

வலிக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவளை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்தார் டாக்டரம்மா.

"தொடையைத் தளர்த்தி விடும்மா. மேட்ச் எப்படிப் போச்சு?"

"இருபத்தொண்ணு, பத்தொம்போது. நாங்கதான் முன்னால. அவங்க சர்வீஸ் போட்டாங்க…"

அவள் பேசப் பேச, ஒரு கை குதிகாலைத் தாங்கிக் காலை மெல்ல மெல்ல நீட்டியது. மறுகையின் கட்டைவிரல் சில்லை உள்பக்கம் நகர்த்தியது. தோலுக்கடியில் மேடு நகர்வதை அப்பா கண்ணால் பார்த்தார். 'டப்' என்று சின்னச் சத்தம். குழி காணாமல் போயிருந்தது.

"அப்பா… வலி குறைஞ்சிடுச்சுப்பா!"

ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கத்தி இல்லை. அப்பா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எக்ஸ்ரேயில் எதுவும் உடைந்திருக்கவில்லை. காலுக்குப் பட்டை போட்டு, ஊன்றுகோல் கொடுத்தார்கள்.

"இனிமேதான் வேலையே. தொடைத் தசை பலமாகணும். இல்லைன்னா மறுபடியும் விலகும்."

மூன்றாவது வாரம், பிசியோதெரபி அறையில் மகள் காலை நீட்டித் தொடையை இறுக்கினாள். சில்லு மேலேறியது, தளர்த்தியதும் இறங்கியது.

"இன்னொரு தடவை செய்ம்மா" என்றார் அப்பா.

செய்தாள்.

"இன்னொரு தடவை."

"பத்து தடவைதான்ப்பா செய்யச் சொன்னாங்க. பதினஞ்சு ஆச்சு!"

அவர் காதில் விழவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.